பழுதுச் சரக்கு யார் பொறுப்பு?

வியாபாரியின் நாணயம் சரக்கை விற்கும்போது தெரிவதில்லை. விற்ற சரக்கு பழுதாகித் திரும்பி வரும்போதுதான் தெரிகிறது. விற்கும்போது முகம் மலர்ந்து பேசாத கடைக்காரர் யார்? வாங்கிப் போனவர் மூன்று மாதம் கழித்து அதே பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது, அந்தக் கடைக்காரரின் முகம் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. வாங்கியவருடைய நாணயத்துக்கும் அதுதான் சோதனை நேரம். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவர் எதையும் மறைக்க வேண்டியதில்லை. பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், இது எப்படிக் கெட்டது என்ற கேள்விக்கு அவர் ஜவாப் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தை எழுதும்படி நம்மைத் தூண்டியது ஹார்ட் டிஸ்க் என்னும் சிறு சாமான். கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் நம் கடைக்கு வருகிறவர்கள், விலையைக் கேட்ட மறு மூச்சில் "வாரண்டி எத்தனை வருஷம்?" என்றுதான் கேட்கிறார்கள். வாரண்டி என்றால் என்ன, அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று திருப்பிக் கேட்டால், வாங்குகிறவர்களுக்கும் தெரிவதில்லை. விற்கிறவர்களில் பலருக்கும் தெரிவதில்லை. சீட்டு இருக்கிறது, ஆகவே நம் பொறுப்பு தீர்ந்தது என்று கடைக்காரர் நினைக்கிறார். சீட்டு இருக்கிறது, ஆகவே எப்படிக் கெட்டாலும் புதிது கிடைக்கும் என்று வாங்கினவர் நினைக்கிறார். இருவர் நினைப்பும் சரியல்ல என்பதே நம் கருத்து.

கண்ணுக்குத் தெரியாத குறை

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்து விற்ற சரக்குகள் பெரும்பாலும் கண்ணால் பார்த்து வாங்கக்கூடியவை. கைலியை வெளிச்சத்தில் பிடித்தால் இழை தெரியும். அரிசியை உள்ளங்கையில் அள்ளினால் நொய்யும் கல்லும் தெரியும். ஏலக்காயை முகர்ந்தால் பழையதா புதியதா என்று தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் இவை ஒன்றும் நடவாது.

1956-ஆம் ஆண்டில் ஐபிஎம் கம்பெனி ராமாக் என்ற இயந்திரத்தோடு முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. இரண்டு அடி அகலமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. அவ்வளவும் சேர்ந்து 5 மெகாபைட் அளவுதான் கொள்ளும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கு அந்த இடம் சரியாகப் போய்விடும். இன்றைக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் டிஸ்க், அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு கொள்ளும். உள்ளே இருக்கும் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. எழுதவும் படிக்கவும் செய்கிற முனை, தட்டைத் தொடாமல், ஒரு தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஒரு தூசி புகுந்தாலும் தட்டு கீறிப் போகலாம். ஆகையால் பெட்டியை மூடி முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். அதைத் திறந்தால் வாரண்டி போய்விடும்.

இந்தச் சாமான் நமக்கு அந்நியமானது என்றும் சொல்ல முடியாது. தட்டுகளின் அடித்தகட்டைச் செய்யும் சீகேட் கம்பெனியின் ஆலை நம் ஜொகூரிலேயே இயங்கியிருக்கிறது. நம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்த்தவர்கள்தாம். ஆயினும் பெட்டியை மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சரக்கில் மூன்று பேருக்குத் தொடர்பு இருக்கிறது. தயாரித்தவர், உள்ளே என்ன வைத்தோம் என்பதை அறிவார். கடைக்காரர், எந்த வகை டிஸ்க் அடிக்கடி திரும்பி வருகிறது என்பதை அறிவார். வாங்கியவர், வீட்டுக்குப் போனபின் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அறிவார். மற்ற இருவருக்கும் தெரியாத ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. பழுதுச் சரக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சீட்டு தருவதும் தராததும்

வாரண்டி என்பது தயாரித்தவர் கொடுக்கும் வாக்கு. இன்ன காலத்துக்குள் தானாகவே கெட்டால் மாற்றித் தருகிறேன் என்கிறார். அந்த வாக்குக்கு எல்லைகள் உண்டு. கீழே விழுந்து கெட்டது, தண்ணீர் பட்டது, திறந்து பார்த்தது ஆகியவை சேரா. மாற்றித் தருவது புதிய டிஸ்க்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பிறரிடமிருந்து திரும்பி வந்து செப்பனிட்டுச் சோதித்த டிஸ்க்காகவும் இருக்கலாம். வேறு நாட்டில் விற்பதற்காக அனுப்பிய சரக்காயிருந்தால் இங்கே ஏற்காமலும் போகலாம். பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் மலிவு என்று வாங்கி வருகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, டிஸ்க்கில் எழுதி வைத்திருந்த விஷயங்கள் போனால் அதற்குக் கம்பெனி பொறுப்பு ஏற்பதில்லை.

அந்த வாக்கின் காலமும் நிலையானதல்ல. 2011-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலைகள் பலவும் மூழ்கின. உலகமெங்கும் டிஸ்க் விலை ஏறிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள், சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் தங்கள் டிஸ்க்குகளில் சில வகைகளுக்கு இனி வாரண்டிக் காலத்தைக் குறைக்கப் போவதாக அறிவித்துவிட்டன. முன்பு மூன்று அல்லது ஐந்து வருஷம் தந்த சில வகைகளுக்கு, 2012-ஆம் ஆண்டு பிறந்தபோது ஒன்று அல்லது இரண்டு வருஷம்தான் என்றாயிற்று.

முன்பே விற்ற சரக்குக்குச் சொன்ன வாக்கை அவர்கள் மாற்றவில்லை; புதிதாக விற்கும் சரக்குக்குத்தான் குறைத்தார்கள். எத்தனை வருஷம் என்பதைச் சொல்லி விற்கும்வரை அதில் குற்றம் காண முடியாது. ஆனால் அதிலிருந்து ஒன்று விளங்குகிறது. வாரண்டிக் காலம் என்பது சந்தை நிலவரத்தைப் பார்த்து நீட்டவும் குறைக்கவும் கூடிய கணக்கு. பழுதான சரக்கைப் பற்றிய நியாயமே அதில்தான் அடங்கியிருக்கிறது என்று நினைத்தால், நம் நியாயமும் சந்தை நிலவரத்தோடு ஏறி இறங்கும்.

ஜொகூர் அறிந்த பழைய சட்டம்

வாரண்டிச் சீட்டு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஆலிம்கள் இந்த நியாயத்தை வகுத்துவிட்டார்கள். குறையைக் காரணமாகக் காட்டிப் பொருளைத் திருப்பும் உரிமைக்குக் 'கியாருல் ஐப்' என்று பெயர். மதரஸாவில் கிதாபு ஓதியவர்கள் இச்சொல்லைக் கேட்டிருப்பார்கள்.

இதில் நம் ஜொகூருக்குத் தனியாக ஒரு சிறப்பும் உண்டு. துருக்கி உதுமானிய சர்க்கார், 1869 முதல் 1876 வரையுள்ள ஆண்டுகளில், அஹ்மத் ஜெவ்தத் பாஷா தலைமையில் ஆலிம்களைக் கூட்டிக் கொடுக்கல் வாங்கல் சட்டங்களை 1851 பிரிவுகளாகத் தொகுத்தது. மஜல்லா என்று அதற்குப் பெயர். சுல்தான் இப்ராஹீம் அவர்கள் ஆட்சியில், 1913-ஆம் ஆண்டில், அது மலாய் மொழியில் பெயர்க்கப்பட்டு 'மஜல்லா அஹ்காம் ஜொகூர்' என்று இங்கே வெளிவந்தது. அது ஹனஃபி மத்ஹபைத் தழுவிய தொகுப்பு. ஷாஃபி மத்ஹபினர் நிறைந்த இந்நாட்டில் அதை வரவேற்றார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

குறையுள்ள சரக்கைப் பற்றி மஜல்லா சொல்வதன் சாரம் இதுதான். நிபந்தனை ஒன்றும் பேசாமல் விற்ற பொருள், குறையற்றதாக இருக்க வேண்டும். அப்படி யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. பேசாமலே ஏற்பட்ட வாக்கு அது. எது குறை? அந்தச் சரக்கை அறிந்த வியாபாரிகளின் மதிப்பில் விலையைக் குறைக்கக்கூடியது எதுவோ அது. விற்றவர் கையில் இருந்தபோதே இருந்ததைப் பழைய குறை என்கிறார்கள். வாங்கியவர் பின்னால் பழைய குறையைக் கண்டால் பொருளைத் திருப்பிப் பணத்தை வாங்கலாம். அல்லது பேசிய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். பொருளையும் வைத்துக்கொண்டு விலையையும் குறை என்று வற்புறுத்த முடியாது. விற்றவர் குறையை முன்பே சொல்லி, வாங்கியவர் ஒப்புக்கொண்டிருந்தால் திருப்பும் உரிமை இல்லை. குறையைக் கண்டபிறகும் தன் உடைமையாக நடத்தினால் அந்த உரிமை போய்விடும். ஷாஃபி மத்ஹபில் இன்னும் கண்டிப்பு: குறையைக் கண்டால் காலம் கடத்தாமல் உடனே திருப்ப வேண்டும்.

இனி இன்றைய சட்டத்துக்கு வருவோம். மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி அமலுக்கு வந்தது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சரக்கு ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. சீட்டில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பு உண்டு. விற்பதற்கு முன்பே குறையைச் சொல்லியிருந்தால், அந்தக் குறைக்காகச் சரக்கைத் தரமற்றது என்று சொல்ல முடியாது என்பதும் அதில் இருக்கிறது. 1913-இல் வெளிவந்த மஜல்லாவும் 1999-இல் வந்த சட்டமும் இந்த இடத்தில் ஒரே பேச்சுப் பேசுகின்றன.

ஓர் இடத்தில் வேறுபாடு உண்டு. எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று பேசி விற்க மஜல்லா இடம் தருகிறது. இன்றைய சட்டம் தருவதில்லை. 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்று மலாயிலும் தமிழிலும் எழுதித் தொங்கவிட்டுவிட்டால் சட்டம் தந்த உரிமை அழிந்துபோகாது. அன்றியும், "கம்பெனியிடம் போய்க் கேளுங்கள்" என்று கடைக்காரர் கைகழுவிவிடவும் முடியாது. வாங்கியவருக்குத் தயாரித்தவர் மீதும் உரிமை உண்டு. விற்ற கடைக்காரர் மீதும் உரிமை உண்டு. தீராத வழக்கை மலேசியப் பயனீட்டாளர் வழக்கு மன்றத்துக்கு 5 வெள்ளி கட்டணத்தில் கொண்டு போகலாம், வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளை அது கேட்கும்.

அறிந்தவர் சொல்ல வேண்டும்

சட்டம் யார் கொடுக்க வேண்டும், யார் வாங்க வேண்டும் என்று தீர்க்கிறது. மனச்சாட்சிக்கு முன் நிற்கும் கேள்வி வேறு. அதற்கு இரண்டு பழைய நிகழ்ச்சிகளை நினைவூட்டுவோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மேலே, மக்கள் பார்க்கும்படி வைக்கக்கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றம் அல்லவே! தானியம் நனைந்ததற்காக அவரை யாரும் கேட்கவில்லை. நனைந்ததை அறிந்தும் அடியில் வைத்ததற்காகத்தான் கேட்டார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யா என்னும் கிதாபில் எடுத்துச் சொல்கிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற வாஸிலா (ரலி) அவர்கள் வேறு கவனத்தில் இருந்துவிட்டார்கள். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபின் பின்னாலேயே ஓடி, இறைச்சிக்கு வாங்கினாயா, சவாரிக்கு வாங்கினாயா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் காலில் ஓட்டை இருப்பதைக் கண்டேன், தொடர்ந்து நடக்காது என்றார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் வருத்தப்பட்டார். குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது, அதை அறிந்த எவரும் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்று நபியவர்களிடம் கேட்டிருப்பதாக வாஸிலா (ரலி) பதில் சொன்னார்கள்.

வாஸிலா (ரலி) அந்த ஒட்டகத்தை விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர். லாபமும் அவருக்கில்லை, நஷ்டமும் அவருக்கில்லை. அவர் அறிந்திருந்தார், அந்த அறிவே அவரைப் பின்னால் ஓட வைத்தது. ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான்: பழுதுச் சரக்கில் குறை யாரால் வந்தது என்பது ஒரு கேள்வி. குறையை யார் அறிந்திருந்தார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அறிந்தவர் எவரோ அவர்மேல் சொல்லும் கடமை ஏறிவிடுகிறது.

முதலில் தயாரித்தவரைப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு விஷயம் வெளிவந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி 'ரெட்' என்ற பெயரில் விற்ற டிஸ்க்குகளில் சில அளவுகள், வீட்டு ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியும்படி வரிகளை எழுதும் புது முறையில் செய்யப்பட்டவை. அம்முறையில் சிறு இடத்தில் நிறைய எழுதலாம். ஆனால் ஏற்கனவே எழுதியதன்மேல் மாற்றி எழுதும்போது வேகம் மிகக் குறையும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் பெட்டிகளுக்கென்றே விற்ற சரக்கு அது. அந்த உபயோகத்துக்கு இந்த வேகக் குறைவு பெரிய இடைஞ்சல். இவ்வளவையும் கம்பெனி தன் சரக்கு விவரத்தில் எழுதவில்லை. வாங்கியவர்கள் தாங்களே சோதித்துக் கண்டுபிடித்த பிறகுதான் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வழக்கு நடந்தது. பின்னர் புது முறையில் செய்தவற்றையும் பழைய முறையில் செய்தவற்றையும் வேறு வேறு பெயரில் பிரித்து விற்கலாயிற்று. சீகேட்டும் தோஷிபாவும்கூடச் சில வகைகளில் இதைச் சொல்லாமல் விற்றது அப்போதே தெரிந்தது.

அந்த டிஸ்க்குகள் கெட்டுப்போன டிஸ்க்குகள் அல்ல. அவற்றுக்கு வாரண்டியும் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாததுதான் குறை. சொல்லி, விலையைக் குறைத்து விற்றிருந்தால் வேண்டியவர் வாங்கியிருப்பார். ஈரத் தானியத்தை மேலே வைப்பது என்பது இதுதான்.

வாங்கியவரின் பக்கம்

பெரிய கம்பெனியைக் குறை சொல்வது எளிது. இனி நம் பக்கம் வருவோம்.

நம் கடைக்கு ஓர் இளைஞர் டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு மூலை நெளிந்திருந்ததைப் பார்த்து, கீழே விழுந்ததா என்று கேட்டோம். "மேசையிலிருந்து விழுந்துவிட்டது மாமா. சீட்டில் அதையெல்லாம் எழுதாதீங்க. கம்பெனிக்காரன் கோடி கோடியா சம்பாதிக்கிறான், ஒரு டிஸ்க்கில் என்ன குறைஞ்சுடும்?" என்றார். விழுந்தது என்று எழுதித்தான் அனுப்புவோம், கம்பெனி பார்த்துச் சொல்லட்டும் என்றோம். அவர் டிஸ்க்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். சில வாரம் கழித்து வேறு வேலையாக வந்தவர், இன்னொருவர் மூலமாக அனுப்பி வேறு டிஸ்க் வாங்கிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இத்தகைய நேரத்தில் நாணயமாக இருப்பவர் ஏமாளியைப்போல் நிற்கிறார் என்பது உண்மை. பொய் சொன்னவருக்கு டிஸ்க் கிடைத்தது. நமக்கு ஒரு வாடிக்கை குறைந்தது. வெள்ளிக் கணக்கில் அவர் வென்றார். இதற்கு வெள்ளிக் கணக்கிலேயே பதில் சொல்ல முயல்வது வீண். ஆயினும் அவர் சொன்ன நியாயத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் அதே நியாயத்தைத் தொழுகையை விடாத நல்ல மனிதர்கள் வாயிலும் கேட்கிறோம்.

கம்பெனி பெரியது, ஆகவே ஏமாற்றலாம் என்கிறார்கள். எதிராளியின் அளவைப் பார்த்துப் பொய் ஹலாலாகுமானால், நம்மைவிடச் சிறியவர் நம்மிடம் பொய் சொல்லும்போது நாம் வாய் திறக்க முடியாது. எஸ்டேட் தொழிலாளியின் கண்ணுக்கு நம் கடையும் பெரிய கம்பெனிதான். கம்பெனியும் நம்மிடம் மறைக்கிறதே என்கிறார்கள். மறைத்ததற்காக அதைக் கேட்க வழி உண்டு. வழக்கு மன்றம் உண்டு. அவர் ஈரத்தை அடியில் வைத்தார், நானும் வைக்கிறேன் என்றால், கடைத்தெருவில் எந்தக் குவியலுக்குள்ளும் கையை விட முடியாது.

நஷ்டம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனி, திரும்பி வரும் டிஸ்க்குகளின் செலவைக் கணக்கிட்டே விலை வைக்கிறது. பொய்யாகத் திரும்பியவற்றின் செலவும் அதில் ஏறுகிறது. அடுத்து வாங்கும் ஏழை மாணவர் அதைக் கொடுக்கிறார். அதோடு போவதில்லை. பொய் அதிகமாக அதிகமாக, உண்மையாகவே கெட்டுப்போன டிஸ்க்கைக் கொண்டுவருகிறவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். வாரக்கணக்கில் அலைக்கழிக்கிறார்கள். அவர் என்ன பாவம் செய்தார்?

சிலருடைய கேள்வி இன்னும் நுட்பமானது. டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது; ஆனால் அதன்பின் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடிற்று; பிறகுதான் நின்றது. விழுந்ததால் நின்றதா, முதலிலிருந்தே இருந்த குறையால் நின்றதா என்று வாங்கியவருக்கே தெரியாது. அவர் என்ன சொல்ல வேண்டும்? மஜல்லா இந்த இடத்தையும் விட்டுவிடவில்லை. வாங்கியவர் கையில் புதுக் குறை ஏற்பட்டு, பழைய குறையும் வெளிப்பட்டால், பொருளைத் திருப்ப முடியாது. பழைய குறையின் அளவுக்கு விலையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. இரு பக்கமும் பங்கு உண்டு என்பது அதன் கருத்து. ஆகவே அவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும்: விழுந்தது, பிறகு இரண்டு மாதம் ஓடியது, இன்ன நாளில் நின்றது. தெரியாததற்கு அவர் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. கருவி வைத்திருப்பவர்கள் பார்த்துச் சொல்லட்டும். தெரிந்ததை மறைக்கும்போதுதான் அவர் பொறுப்பாளியாகிறார்.

பாத்திரமும் தண்ணீரும்

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. கணவரை இழந்த ஓர் அம்மையார், வேறெங்கோ வாங்கிய ஒரு டிஸ்க்கை வாரண்டியில் அனுப்பித் தரும்படி நம்மிடம் கொண்டுவந்தார்கள். வாரண்டிக் காலம் இருந்தது, விழுந்த அடையாளம் ஒன்றுமில்லை. அனுப்பினோம், மாற்று டிஸ்க் வந்தது. கையில் வாங்கிக்கொண்டு, "தம்பி, அவுக படமெல்லாம் இதுல இருக்குல்ல?" என்று கேட்டார்கள். இல்லையென்று அனுப்புவதற்கு முன்பே சொல்லியிருந்தோம். ஆனால் அவர்கள் மனம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கே யாரும் வாக்குத் தவறவில்லை. கம்பெனி சொன்னபடி மாற்றித் தந்தது. கடைக்காரர் விற்றது நல்ல சரக்கு என்றே நினைத்து விற்றிருப்பார். அம்மையாரும் ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லா நியாயமும் சரியாக நடந்தும், போனது திரும்பவில்லை. உடைந்த பாத்திரத்துக்கு வேறு பாத்திரம் கிடைக்கும். கொட்டிய தண்ணீர் கிடைக்காது.

ஆயினும் ஒரு கேள்வி நிற்கிறது. எந்த டிஸ்க்கும் ஒரு நாள் நின்றுபோகும் என்பதை விற்கிறவர்கள் எல்லோரும் அறிவோம். தட்டு சுழலும் சாமான் சாகுபடியான நிலத்தைப்போல் பரம்பரைக்கு நிற்காது. அம்மையார் அதை அறியார்கள். அறிந்த ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. முக்கியமானவற்றை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று விற்கும்போதே சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? சொன்னால் வாங்குகிறவர் தயங்குவார் என்று பயப்படுகிறோம். நம் ஜமாஅத்துகளில் மையத்துச் சங்கக் கணக்கும் சந்தாப் பட்டியலும் ஒரே டிஸ்க்கில் இருக்கும் இடங்கள் எத்தனை! நிர்வாகிகள் இந்த வாரமே இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வைப்பது நல்லது.

திருப்பி அனுப்பும் டிஸ்க்குக்குள் பிறர் வீட்டு விஷயங்களும் போகின்றன. அது அமானிதம். ஓடுகிற நிலையில் இருந்தால் அனுப்புமுன் அழித்துவிட வேண்டும். ஓடாத டிஸ்க்கை அழிக்க முடியாது. உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாத விஷயமானால், சில நூறு வெள்ளி நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு அனுப்பாமல் இருப்பதே புத்தி. கடைக்காரரோ, பழுது பார்ப்பவரோ, அதைத் திறந்து பார்த்து ரசிப்பது பிறர் வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

நாம் செய்யக்கூடியவை

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு நம் வேண்டுகோள் பெரியதல்ல. எத்தனை வருஷ வாரண்டி, எந்த நாட்டுக்கு வந்த சரக்கு என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். செப்பனிட்ட டிஸ்க்கை விற்றால் அப்படியே சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றுவிடுங்கள். திரும்பி வந்ததைப் புதிய அட்டைப் பெட்டியில் போட்டுப் புதிது என்று விற்காதீர்கள். ஒரு வகை டிஸ்க் அடுத்தடுத்துத் திரும்பி வருவதைக் கண்டால், கையில் இருக்கும் சரக்கு தீரட்டும் என்று காத்திராமல் வாங்க வருகிறவரிடம் சொல்லுங்கள். பழுதோடு வருகிறவரைக் கோலாலம்பூருக்குப் போ, பினாங்குக்கு எழுது என்று விரட்டாமல், நீங்களே வாங்கி அனுப்பிக் கொடுங்கள். மொத்த வியாபாரியிடம் போராடும் சிரமம் நமக்கு உண்டு. ஆனால் நம் முகத்தைப் பார்த்துத்தானே அவர் வாங்கினார்?

வாங்குகிற சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழுது கண்டால் காலம் கடத்தாமல் கொண்டு வாருங்கள். உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை; தைரியமாகக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது, அதற்கு என்ன நேர்ந்தது என்று உங்களுக்கு மட்டுமே தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வாரண்டி ஒன்றிரண்டு வருஷத்தில் முடிந்துவிடும். சீட்டில் தேதி போட்டிருக்கிறார்கள். அறிந்ததைச் சொல்லும் கடமைக்கு அப்படி ஒரு தேதி போட்டுத் தர யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்தக் கணக்கு வேறிடத்தில் பார்க்கப்படும் என்பதை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் நினைவில் வைப்போமாக.